காலியான கேள்வித்தாள்

12-8-1966, வெள்ளி. ஊரிகம்.

எம்.ஏ. சமூகப்பணிப் படிப்பின் களப்பணிக்காக இன்று தங்கச் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடுகளில் ஒன்றான மேரியக்காவின் வீட்டுக்குப் போனேன். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு அவர் கணவர் வேலையை இழந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது.

குடும்ப விவரம் எழுதும் கேள்வித்தாளை எடுத்ததும் அக்கா கேட்டார்: "போன வருசமும் ஒரு பொண்ணு வந்து எழுதினு போச்சு. இன்னா ஆச்சு?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். "சுரங்க ஆபீசுக்கு வாங்கக்கா, நானும் வரேன்" என்றேன்.

அங்கே அதிகாரி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அவங்களே சொல்லுவாங்க, சார்" என்று ஒதுங்கிக்கொண்டேன். அக்கா தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

கேள்வித்தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை. பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுப்பேன், பட்டமும் வாங்குவேன். ஆனால் மூன்று மாதம் கழித்து அவர்கள் எங்கே போவார்கள்? திங்கட்கிழமை அக்காவோடு வீடு தேடப் போகிறேன்.