புத்தூர் ஸ்டேஷன் எதிரே இருந்த உன் கிளப்புக் கடை

என் உயிரான ரங்கம்மாக்காவுக்கு,

நீ போன பிறகு ஊரில் நடந்ததைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் வேறு ஆளில்லை. எல்லையைப் பிரித்துவிட்டார்கள் அக்கா. திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது, நம் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இதற்குத்தான் அத்தனை கூச்சலும் கல்வீச்சும். ரயில் என்னவோ இரண்டு ஊரிலும் முன்போலவே நின்று போகிறது.

உன் கிளப்புக் கடை பூட்டியே கிடக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போனால் மூக்கு தானாக உன் வெங்காய சாம்பாரைத் தேடுகிறது. திருமலையில் மொட்டை போட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கேட்காமலே மோர் ஊற்றுவாய். எலும்புக் கட்டு போட நம் ஊருக்கு வருகிறவர்களில் வலது கை ஒடிந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, சோற்றைப் பிசைந்து உருட்டி நீயே ஊட்டிவிடுவாய். ஊர் பேர் தெரியாத ஆம்பிளைக்கு ஊட்டுகிறாளே என்று பேசியவர்களும் உண்டு. நீ அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எல்லைக்காக நடந்த ஊர்வலத்தில் அடிதடி ஆன மறுநாள் ராமய்யா கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். தெலுங்குக்காரர்கள் பக்கம் முன்னால் நின்று கோஷம் போட்டவர். நீ வழக்கம்போல உருட்டி ஊட்டினாய். அதை நம் தமிழர் பக்கத்துத் தலைவர் நாதமுனி பார்த்துவிட்டார்.

"நம்மாளுங்க மண்டைய ஒடைச்சவனுக்கு ஊட்டிக்கினு கீறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கை ஒடைஞ்சி வந்துகீறாரு. துன்ன வாணாமா?" என்றாய்.

அன்றோடு தமிழர் யாரும் உன் கடையில் சாப்பிடக் கூடாதென்று கட்டுப்பாடு போட்டார்கள். ரயிலில் இறங்குகிறவர்களையும் வாசலில் நின்று திருப்பி அனுப்பினார்கள். ராமய்யாவும் அப்புறம் வரவில்லை. தமிழச்சி கையால் சாப்பிட்டதை அவர் ஆட்கள் கேலி செய்தார்களாம். நீயோ தினமும் உலை வைத்தாய், வடித்த சோறு மாட்டுத் தொட்டிக்குப் போனது. நான் எவ்வளவு சொன்னேன், கேட்டாயா? அரிசி தீர்ந்த அன்றைக்குத்தான் கடையைச் சாத்தினாய். அந்த மழைக்காலத்திலேயே படுக்கையில் விழுந்தாய், எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்கிறது ஊர். காய்ச்சலா அக்கா உன்னைக் கொண்டுபோனது?

போன வாரம் நாதமுனியும் ராமய்யாவும் ஒன்றாக நம் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது சேர்ந்துதான் வியாபாரம் செய்கிறார்கள். ஊரில் வாய்க்கு ருசியாக ஒரு கடை இல்லையாம், நான் திறக்க வேண்டுமாம். உன் படத்தை மாட்டுகிற செலவு அவர்களுடையதாம். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். கோடாலியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன், அது உன் புண்ணியம்.

ஆனாலும் கட்டுப் போட வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நேற்று ஒருத்தர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் பன்னைப் பிய்க்கப் பார்த்து முடியாமல் வைத்துவிட்டார். அதற்காகத் திறக்கிறேன், இவர்களுக்காக இல்லை.

அந்த இரண்டு பேரும் வரட்டும். இலை போடுவேன். கேட்டதைப் பரிமாறுவேன். ஆனால், "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க" என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்த தம்பி,
கோவிந்தன்