மாட்டுத்தலை வைக்காத சம்பந்திகள்

மச்சான்,

இன்று காலை அலுமாரியைத் திறந்தேன், நீ வெளியே வந்தாய். பூச்சி உருண்டையும் நனைந்த செம்மறியும் சேர்ந்த அந்த மணமாக வந்தாய். உன் கட்டம் போட்ட கம்பளிச் சால்வைதான். பச்சை, நீலம், இடையில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு என் தங்கச்சி இதை மடித்து என்னிடம் தந்து, "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. இஞ்ச கிடந்தா நான் நெடுக அழுதுகொண்டிருப்பன்" என்றாள். அன்று தொடக்கம் லண்டனின் இந்த மோர்டன் மாநகரில் இதற்கு ஈடான மணம் கிடையாது. போர்த்துக்கொண்டு தெருவில் இறங்கினால் நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்கின்றன.

வெளியே மழை. சால்வையைப் போர்த்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு சக்கரவர்த்திபோல் அமர்ந்த நேரம் பார்த்து போன் அடித்தது. லண்டனின் மறுகோடியில் செவன் கிங்ஸ் என்ற இடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர். தன் மகளுக்கு எங்கள் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு பெடியனைப் பேசுகிறார்களாம். அந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம் என்று யாரோ சொன்னார்களாம். மழை, கோயில், முழங்கால் நோவு எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணை, ஆக்கள் எப்பிடி?"

மச்சான், சிரிப்பை அடக்கச் சால்வையின் தலைப்பை வாய்க்குள் திணிக்க வேண்டியதாயிற்று. அரைச் செம்மறியை விழுங்கியிருப்பேன். பின்னேரம் எடுத்துச் சொல்லுகிறேன் என்று அவரை நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த இரண்டு சொல்லுக்குள் ஊர், பகுதி, பரம்பரை, பரம்பரையில் யாருக்காவது விசரா, எந்தச் சித்தி யாரோடு ஓடினாள் எல்லாமே அடக்கம். அந்தக் கேள்வியின் உலகப் பேரறிஞன் நீ. அதைக் கேட்டுக்கொண்டு அறுநூறு வருடம் பின்னோக்கி நடந்து, வாளும் ஈட்டியுமாய் நின்ற ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் முன் போய் நின்ற ஒரே யாழ்ப்பாணத்தான் நீதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நீ ஆட்டெலும்பு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். உன் மகள் தான் விரும்பும் பெடியனைப் பற்றிச் சொன்னாள். ஸ்கொட்லாந்துக்காரன், கவுன்சிலில் தன்னோடு வேலை செய்கிறவன் என்றாள். நீ எலும்பைக் கீழே வைத்தாய். நிறத்தைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "ஆக்கள் எப்பிடி?" என்று மட்டும் கேட்டாய். பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன். ஆனா வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்."

அதோடு அவளுடைய காலை போன் சுருங்கிப்போனது. வேலைக்கு ரயில் ஏறப் போகும்போது உன்னோடு கதைத்துக்கொண்டே நடப்பாளே, அந்த போன். "சாப்பிட்டீங்களா அப்பா" என்று ஒரு கேள்வி, பிறகு கட். நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்னும் ஏதாவது சொல்லும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாய். நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். உன் முகத்தை வாசிக்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை.

"விசாரிக்காமல் பிள்ளை குடுக்கேலாது மச்சான். நீ தாய்மாமன். உனக்கும் கடமை இருக்கு" என்றாய். தாய்மாமன்! இங்கிலாந்து முடிக்குக் கூட இல்லாத அதிகாரம் படைத்த பதவி. அக்கணமே நான் உன் முதலமைச்சரானேன்.

பெடியனிடமே கேட்டால் என்ன என்று நான் ஒரு சாட்டுக்குக் கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கத்தரிக்காய் விக்கிறவனிட்டையோ கத்தரிக்காய் நல்லதோ எண்டு கேக்கிறது?" என்றாய். விசாரணை என்றால் சுற்றி வளைத்துத்தான் நடக்க வேண்டும், சம்பந்தப்பட்டவனுக்குத் தெரியவே கூடாது. அதுதானே எங்கள் முறை.

முறைப்படியே தொடங்கினாய். கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு போன் போட்டு, மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைச் சொல்லி விசாரித்தாய். "அண்ணை, இஞ்ச பாதிச் சனத்துக்கு அந்தப் பேர்தான்" என்றான் அவன். அந்த ஒரு வசனத்தில் உண்மை முழுவதும் இருந்தது. நீயோ போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "பாத்தியோ, பாதி நகரமே அவையின்ர பரம்பரை" என்றாய். நானும் பெருமூச்சு விட்டேன். பெரிய இடம்தான்.

பிறகு நூலகம். அந்தப் பெயரைக் கொண்ட பிரபுக் குடும்பத்தின் வம்சாவளிப் புத்தகத்தை நீ தூக்கி வந்ததைப் பார்த்தபோது, யாரோ ஒரு கோட்டையின் மூலைக்கல்லைப் பிடுங்கி வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஏர்ல் என்பது அங்கே பட்டம், எங்கள் குறுநில மன்னர் மாதிரி. முதலாம் ஏர்ல், இரண்டாம் ஏர்ல் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். உன் வீட்டு வரவேற்பறையில் எனக்கு இருக்க இடமில்லை, எல்லாக் கதிரையிலும் ஏர்ல்கள். ஒருவன் அடுத்த பள்ளத்தாக்கு மாடுகளை இரவோடிரவாக ஓட்டி வந்தவன். ஒருவன் பெண் கேட்டுப் போய், தராத வீட்டுக்கு நெருப்பு வைத்தவன். இன்னொரு தலைமுறையில் அரசனுக்கு எதிராகக் கலகம் வந்தபோது அண்ணன் அரசன் பக்கம், தம்பி கலகக்காரர் பக்கம். யார் வென்றாலும் காணி வீட்டை விட்டுப் போகாது. அதை வாசித்துவிட்டுத் தொடையில் தட்டி, "இது எங்கட ஊர் மூளை மச்சான்" என்றாய். 'மக்' என்று தொடங்கும் அவர்களுடைய பெயர்களுக்கு 'இன்னாரின் மகன்' என்று பொருள் என அறிந்த அன்று நீ போட்ட கூத்தைச் சொல்லவா? ஸ்கொட்லாந்து முழுவதையும் தமிழ்நிலமாகப் பிரகடனம் செய்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தாய்.

நான் நல்லவன் இல்லை, உனக்குத் தெரியும். ஐந்தாம் ஏர்லுக்கு நீரிழிவு இருந்ததா என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டு வைத்தேன். நீ ஒரு கிழமை தேடினாய். நாலாம் ஏர்லின் தலை வெட்டப்பட்ட பக்கத்துக்கு வந்த அன்று, உனக்கு என்ன தோன்றியதோ, மச்ச மாமிசம் வேண்டாம் என்றுவிட்டாய். சம்பந்தி முறையாகப் போகிறவர்கள், சாவுத் துடக்கு இருக்குமாம்.

"எந்தக் காலத்திலயோ செத்தவனுக்கு இண்டைக்கு என்ன மரக்கறி? கோழி ஆறுது" என்று தங்கச்சி குசினியிலிருந்து சத்தம் போட்டாள்.

எல்லாம் விளையாட்டாகத்தான் போனது, மாட்டுத்தலை வரும்வரைக்கும். பழைய கதை ஒன்று. இளம் பிரபு ஒருவனைக் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்தார்கள். தின்று குடித்துப் பாட்டுக் கேட்டு முடிகிற நேரத்தில் மேசை நடுவில் ஒரு கறுப்பு மாட்டின் தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது சாவின் அடையாளமாம். விருந்தாளியை இழுத்துப்போய் வெட்டினார்கள். அழைத்தவர்களில் ஒருவனுக்குப் பெடியனின் குடும்பப் பெயர்.

நீ புத்தகத்தை மூடினாய். நான் ஏதோ பகிடி விட்டேன், நீ சிரிக்கவில்லை.

"சாப்பாட்டு மேசையில ஆளை வெட்டின ஆக்கள். என்ர பிள்ளை அந்த மேசையில போயிருந்து சாப்பிடோணுமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏர்ல்களும் கோட்டைகளும் ஒரு பக்கம் கிடக்கட்டும். உன் கண்ணுக்கு எட்டாத ஒரு வீட்டில், உன் மகளுக்கு யார் சோறு போடுவார்கள், எந்த முகத்தோடு போடுவார்கள் என்பதுதான் உன் பயம். அந்தப் பயத்துக்கு நீ வைத்த பெயர் விசாரணை.

பெடியனின் தாயும் தகப்பனும் உங்களைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள் என்று மகள் சொன்னபோது நீ மறுக்கவில்லை. வரட்டும், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதுதான் மரியாதை என்றாய். நான் முதலமைச்சர் பதவியிலிருந்து அன்றே விலகியிருக்க வேண்டும்.

வந்தவர்களைப் பார்த்து உனக்கு ஏமாற்றம். இடுப்பில் கத்தி இல்லை, கோட்டை வாசம் இல்லை. தாய் குடையை உதறி வாசலில் வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினாள். தகப்பன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போய், தங்கச்சியிடம் பெரிய தட்டு ஒன்று கேட்டான். எல்லாரும் மேசைக்கு வந்ததும், வெள்ளித்தாள் மூடிய அந்தத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். உள்ளே உருண்டையாக, ஒரு தலை அளவுக்கு ஏதோ இருந்தது. அதை மேசை நடுவில் வைத்தான்.

என் தொடையை நீ பிடித்த பிடியின் தழும்பு இன்னும் இருக்கிறது, மருத்துவர்களுக்கே காட்டலாம்.

"மச்சான்," என்றாய் உதடு அசையாமல், "தலை."

தாள் விலகியது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் அரிந்து ஓட்ஸோடு சேர்த்து ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து அவித்த அவர்கள் ஊர்ச் சாப்பாடு. பெடியனின் தாய் தன் கையால் செய்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். தங்கச்சிதான் முதலில் கரண்டியால் கிள்ளி வாயில் போட்டாள். நாங்கள் எல்லாரும் அவளுடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உது எங்கட ஆட்டுக்குடல் வறைதானே. மிளகு கொஞ்சம் காணாது" என்றாள். எழும்பிப் போய் மிளகுத்தூளைக் கொண்டு வந்தாள்.

நீ விடுகிறவனா? பிரபு வம்சத்தவர் என்ற மரியாதையோடு எழுந்து நின்று, முதலாம் ஏர்லில் தொடங்கி அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை ஒப்புவித்தாய். ஏர்லுக்கு ஏர்ல், கொலைக்குக் கொலை. பெடியனின் தகப்பன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் சிரித்தான், கண்ணீர் வரச் சிரித்தான். அதெல்லாம் குலத்தலைவன் வீட்டுக் கதை என்றான். தன் முன்னோர் அவன் நிலத்தில் குடியிருந்தவர்கள். குடியிருந்த சனமெல்லாம் தலைவனின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள், அது ஒரு பாதுகாப்பு. தன் பாட்டனார் துறைமுகத்தில் மீன் பீப்பாய் உருட்டியவர். கோட்டையைத் தான் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்ததாகவும் சொன்னான்.

இத்தனை மாத விசாரணையும் வேறு ஆட்களைப் பற்றியது! ஏர்ல்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மழைக்குள் போவதை நான் கண்ணால் கண்டேன். உன் மகள் தலை குனிந்தபடி இருந்தாள். பிரபு வீட்டுக்கே இல்லை என்றவர், பீப்பாய்க்காரன் பரம்பரைக்கு என்ன சொல்வார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது பெடியனின் தாய் உன்னைக் கேட்டாள். உங்கள் ஆட்கள் யார், அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று.

நான் கதிரையில் சாய்ந்து வசதி பண்ணிக்கொண்டேன். உன் உடையார் கதை எனக்கு மனப்பாடம். உன் பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கே தலைவரான உடையார், பல்லக்கு, தங்கப் பூண் போட்ட பிரம்பு. லண்டனில் உடையார் பரம்பரை என்று சொல்கிறவர்களை எல்லாம் ஒன்றுசேர்த்தால், ஆள்வதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு குடிமகன் மிஞ்சியிருக்க மாட்டான். ஆனாலும் அழகாகச் சொல்வாய். நான் பல்லக்குக்காகக் காத்திருந்தேன்.

நீ பெடியனின் தகப்பனைப் பார்த்தாய். பிறகு ஆங்கிலத்தில், உன் பாட்டனார் மாட்டுவண்டில் ஓட்டியவர் என்றாய். புகையிலை ஏற்றுவார் என்றாய். வண்டிலும் புகையிலையும் உடையாருடையவை. ஊரில் எல்லாரும் பின்னாளில் தங்களை உடையார் வீட்டு ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், நாங்களும் சொல்லிக்கொண்டோம் என்றாய்.

தங்கச்சியின் கையில் மிளகுத்தூள் அப்படியே நின்றது. என் வீட்டுப் பாட்டனார் ஒருவருக்கு ஒரு யானை இருந்ததாக நான் சொல்லித் திரிவது உனக்குத் தெரியும். அந்த யானையும் அந்த மேசையிலேயே காலமாயிற்று.

நீ என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "மச்சான், இவை எங்கட ஆக்கள்."

அது போதும் உன் மகளுக்கு. உன் தட்டில் இன்னும் கொஞ்சம் அந்த ஆட்டு வறையைப் போட்டாள், நீயும் தின்றாய். மறுநாள் காலை உனக்கு வந்த போனில் அவள் கதைத்த கதையில் ரயிலை விட்டுவிட்டாள் என்று தங்கச்சி சொன்னாள். ஒன்றா, லண்டன் முழுவதும் ஓடிய ரயில்களை எல்லாம் விட்டிருப்பாள்.

கல்யாணத்தன்று நீ வேட்டி, சம்பந்தி அவர்கள் ஊர் ஆம்பிளைகள் கட்டும் கட்டம்போட்ட பாவாடை. காற்சட்டை போடாத இரண்டு வம்சங்கள் மண்டப வாசலில் காற்றில் நின்று ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டீர்கள். நீ அவனுக்குப் பொன்னாடை போர்த்தினாய். அவன் தன் தோளில் கிடந்த இந்தச் சால்வையை எடுத்து உனக்குப் போர்த்தினான். தலைவனும் குடியானவனும் ஒன்றாகப் போடுகிற கட்டம் என்றான். அதற்குப் பிறகு கோடையிலும் நீ இதைக் கழற்றவில்லை. நூலகத்துக்கும் போய்ப் பார்த்தாய், பீப்பாய் உருட்டியவர்களின் வம்சாவளிப் புத்தகம் இருக்கிறதா என்று. வெறுங்கையோடு வந்து, "வண்டில்காரனுக்கு ஆர் மச்சான் புத்தகம் எழுதினது" என்றாய். பிறகு நீயே பேத்தியை மடியில் வைத்துச் சொல்லத் தொடங்கினாய். அவளுக்கு ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் புகையிலை, இரண்டு பக்கமும் உலகத்துக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்த பெரும் பரம்பரையாம். மிகைப்படுத்துவதில் கடைசியில் என்னையும் வென்றுவிட்டாய், பாவி.

சரி, பின்னேரமாகிவிட்டது. செவன் கிங்ஸ்காரருக்கு இப்போதுதான் போன் எடுத்தேன். பாவம், முதல் மணிச் சத்தத்திலேயே எடுத்தார். பிள்ளையைப் பெற்றவர்.

"சொல்லுங்கோ அண்ணை. ஆக்கள் எப்பிடி?"

"அவையளின்ர வீட்டை போய் ஒரு நேரம் சாப்பிட்டிருக்கிறன் தம்பி" என்றேன். "மாட்டுத்தலை வைக்கிற ஆக்கள் இல்லை. நீங்களும் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ."

தனக்கு விளங்கவில்லை என்றார். மேசையில் போய் இருந்தால் விளங்கும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மழை விட்டிருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு பால் வாங்கத் தெருவில் இறங்கினேன். மூலை வீட்டு நாய் எழுந்து நின்றது, மச்சான்.