அரையடி விட்டு வெட்டிய பருத்தி

பிப்ரவரி 9

கடைசிப் பருத்தியும் எடுத்தாகிவிட்டது. உழவுக்கு டிராக்டர் சொல்லவா என்று மகன் போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். இந்த முறை பிடுங்கப் போவதில்லை, உழப் போவதில்லை, விதைக்கப் போவதுமில்லை. கரும்புக்கு மறுதாம்பு விடுகிறார்களே, அதே போலத்தான். அரையடி விட்டு வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. குனிந்து விதை ஊன்ற என் முழங்கால்கள் இனி ஒத்துழைக்கா.

"இது சரிப்படலேன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடணும்மா."

"சரிப்படலேன்னா வரேன்."

அவன் வீடு ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

பிப்ரவரி 11

பள்ளிக்கூடக் காலத்து மர அடிக்கோலை ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் நிறுத்தி, அளந்து வெட்டுகிறேன். ஏற இறங்க வெட்டினால் எனக்குப் பிடிக்காது. அடுத்த வயல்காரி, என் கணவரின் தங்கை, வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன அண்ணி, செடிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

கோலை அடுத்த செடிக்கு நகர்த்தினேன். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"போன வருஷத்துப் புழு உங்க கட்டையிலயே குடித்தனம் பண்ணிட்டு, என் புதுச்செடிக்கு விருந்துக்கு வரும். பார்த்துக்குங்க."

நியாயமான பயம்தான். ஒரே ஒரு காய்ப்புழு கண்ணில் பட்டாலும் அத்தனையையும் நானே பிடுங்கி எரித்துவிடுவதாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

சொல்லியிருக்க வேண்டாமோ? சொன்னது சொன்னதுதான்.

பிப்ரவரி 20

துளிர் இல்லை.

மார்ச் 1

துளிர்! மூன்றாம் வரிசையில். மண்டியிட்டுப் பார்த்தேன். எழுந்திருக்கப் பட்ட பாட்டை இங்கே எழுதுவதாக இல்லை.

மார்ச் 12

நாத்தனார் இன்றுதான் விதைத்தாள். என் செடிகள் ஒரு சாண்.

ஏப்ரல் 9

முதல் பூ. வெளிர் மஞ்சள்.

ஏப்ரல் 16

ஒரு பூ விரியாமல் இதழ்கள் திருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தேன். உள்ளே இளஞ்சிவப்பில் நெளிந்தது —

ஏன் பார்த்தே? கண்ணாடி போடாம போயிருக்கக் கூடாதா? இந்த வயசுல எந்தப் புழு கண்ணுல படணும்னு இருக்கு?

நசுக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். மாத்திரைப் புட்டியில் போட்டு மூடி எடுத்துவந்தேன். இப்போது மேசைமேல் இருக்கிறது. இந்த நகத்தளவு ஜந்துவுக்காக ஐந்தாவது மாடியா?

ஏப்ரல் 17

புட்டியோடு போனேன். நாத்தனார் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பிடுங்க ஆள் கூப்பிடு என்றேன்.

"இவ்வளவு நல்லா வந்த செடியையா? உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி?"

"சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட சொன்னீங்க? என்கிட்டதானே? நான் காதுல வாங்கலைன்னு வெச்சுக்குங்க."

"வாங்கினே. தலையைக்கூட ஆட்டினே."

"எங்கண்ணன் உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டினாரோ!"

அவள் பிடுங்காதே என்கிறாள், நான் பிடுங்குவேன் என்கிறேன். யார் யார் பக்கம் பேச வேண்டும்? கடைசியில் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"புழு இருக்கறது பூவுலயும் பிஞ்சுலயும். செடி என்ன பண்ணிச்சு? பூவைப் பிடுங்குங்க. என் வயல் பூக்கற வரைக்கும் உங்க வயல்ல ஒரு மொட்டுகூட இருக்கக் கூடாது. தின்ன ஒண்ணும் இல்லேன்னா அது எப்படிப் பெருகும்?"

யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை.

"அப்படின்னா என் வார்த்தையை நீதான் திருப்பித் தரணும்."

"தந்தேன், தந்தேன். டீ குடிக்கறீங்களா?"

ஏப்ரல் 24

தினமும் காலையில் மொட்டு, பூ, பிஞ்சு எல்லாம் பறித்துத் தகர டப்பாவில் போட்டு எரிக்கிறேன். நானே ஆசைப்பட்டு வளர்த்தது. கடைசி வரிசை முடித்து நிமிர்ந்தால் முதல் வரிசையில் புது மொட்டு எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும். யாருக்கு வீம்பு அதிகம் என்று பார்த்துவிடலாம்.

"பூவையே பறிச்சா பருத்தி எங்கேர்ந்தும்மா வரும்?" என்கிறான் மகன்.

வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன்.

மே 3

இடுப்பு வலி. இருந்தும் மொட்டுப் பறிக்கப் போனேன்.

மே 10

நாத்தனார் வயலில் பூ! வரப்பிலிருந்தே கத்தினாள். டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இனி என் செடிகள் இஷ்டப்படி பூக்கலாம்.

ஜூலை 6

காய் வெடித்துவிட்டது. அங்கங்கே சொத்தை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வயல் வெள்ளையாக நிற்கிறது. மகன் வந்தான், என் துணிமணிகளை வைக்கப் பெரிய காலிப் பெட்டியோடு. வரிசைகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றான். அந்தப் பெட்டி நிறையப் பருத்தியை அடைத்து அனுப்பினேன். இரண்டு தலையணைக்காவது வரும்.

ஆகஸ்ட் 2

நாத்தனார் வயலில் செடி பிடுங்க ஆட்கள் வந்தார்கள். பாதி வயலோடு நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்த ஸ்கேலைக் கொஞ்சம் கொடுங்க."

என் அடிக்கோலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எடுத்துக்கொண்டு நானே போனேன்.