அண்ணனுக்குச் செய்யாத ஆப்பரேஷன்

மார்ச் 4
இல்லை, சந்தோஷமாக இல்லை. துக்கமாகவும் இல்லை. ஆறு வருடம் காத்திருந்து செய்துகொண்ட ஆப்பரேஷன், இன்று மூன்றாம் நாள். பெண் என்று எனக்கு எப்போதும் தெரிந்ததை உடம்பும் ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் உள்ளே ஆள் இல்லை.

மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றை மட்டும் யாரோ துடைத்திருக்கிறார்கள். ஏன் ஒன்றை மட்டும்?

ஆஸ்பத்திரியின் மனநலக் கவுன்சிலர் வந்து, "மனசுல என்ன ஓடுது?" என்றார். எதுவும் ஓடவில்லை, நிற்கிறது என்றேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 5
படிவத்தில் ஒரு கட்டம் – மனத்துணையாக இருப்பவர். காலியாக விட்டேன். நர்ஸ் திருப்பிக் கொண்டுவந்தார்.

"காலியா விட்டா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. யாரையாவது போடுங்க."

அண்ணன் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினான். பிறகு கேட்டான், "இதுல நான் என்ன செய்யணும்?"

"போன் பண்ணா எடுக்கணும்."

"அவ்வளவுதானா? எங்க கம்பெனியிலயும் அதான் வேலை."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஏழாம் வகுப்பிலிருந்து என்னைப் 'புரொஃபசர்' என்றுதான் கூப்பிடுகிறான். மற்ற பெயர்களையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. இதை மாற்றத் தேவைப்படவில்லை.

மார்ச் 6
அம்மா விஷயத்தை எழுதிவைக்க வேண்டும்.

மாலையில் அண்ணனுக்கு அம்மாவிடமிருந்து போன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில என்னடா பண்ற?"

அண்ணனுக்குப் பொய் வராது. வந்தால் இப்படித்தான் வரும். "எனக்கு ஹெர்னியாம்மா. ஆப்பரேஷன் ஆயிடுச்சு."

அம்மா என்னோடு பேசி மூன்று வருடம். நான் நானாக உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று, "இனிமே எனக்கு ஒரே பிள்ளைதான்" என்றாள். அந்த ஒரே பிள்ளைக்கு இப்போது ஹெர்னியா.

நாளைக்கே கிளம்பி வருகிறேன் என்றாள். முட்டிவலியோடு அலைய வேண்டாம் என்று தடுத்துவிட்டான்.

"ஏன் ஹெர்னியா?" என்றேன்.

"போன மாசம் எங்க சூப்பர்வைசருக்கு வந்துச்சு. அதான் வாயில வந்துடுச்சு."

மார்ச் 9
தினமும் ஆறரைக்குக் கூப்பிடுகிறாள். பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருடம் ஆயாவாக இருந்தவள், லேசில் விடமாட்டாள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு என் தலைமாட்டில் வைக்கிறான். நான் மூச்சு விடுவதில்லை.

"எந்தப் பக்கம்டா?"

"இடது."

"நேத்து வலதுன்னியே."

"ரெண்டு பக்கமும்மா."

"ரெண்டு பக்கமுமா? அப்படி என்னத்தடா தூக்கின?"

"லிஃப்ட்ட."

சிரிக்க வேண்டிய இடம். தையல் இழுக்குமே என்று பயந்தேன். சிரிப்பு வரவில்லை. பயந்தது வீண்.

மார்ச் 10
"இருமும்போது வயித்துல தலகாணிய அமுக்கிக்கோ" என்றாள். அமுக்கிக்கொண்டேன்.

மார்ச் 12
சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். உள்ளே வைத்த துணியையும். டாக்டர் கண்ணாடி கொடுத்தார். பார்த்தேன். வீங்கியிருந்தது. "நல்லா வந்திருக்கு" என்றார். நன்றி சொன்னேன், வங்கியில் சொல்வதுபோல.

இனி டைலேட்டர். உள்வழி சுருங்காமல் இருக்க ஒரு நாளைக்கு மூன்று வேளை, அரைமணி நேரம் அந்தக் குழலை உள்ளே வைத்திருக்க வேண்டும். அந்த அரைமணியில் என்ன யோசிப்பது?

மார்ச் 13
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனின் அறை, நான்காம் மாடி. ஆறு மாதமாக ஓடாத லிஃப்டை, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஒரு மணி நேரத்தில் ஓடவைத்தான். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இத்தனை நாள் இங்கதானே இருந்தீங்க?" என்றார் வாட்ச்மேன், அண்ணனிடம்.

"எனக்குக் கால் இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றான்.

மார்ச் 16
சாப்பிட்டாயா, தூங்கினாயா, வெளிக்குப் போகும்போது முக்காதே. எல்லாம் அவனுக்கு. நான் பக்கத்தில் படுத்தபடி ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவருக்குப் போட்ட தட்டில் கைவைப்பதுபோல.

ஆனால் அம்மா பேசும் அந்த எட்டு நிமிடம் மட்டும் உள்ளே யாரோ வந்து உட்காருகிறார்கள். போனை வைத்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.

மார்ச் 19
"படுத்தே கிடக்காதடா. இந்த ஆப்பரேஷனுக்கு நடந்தாத்தான் ஆறும். வராண்டாவுல நாலு நடை போய்ட்டு வா."

இன்று அவன் வேலைக்குப் போனபின் – அரைநாள் போகிறான், அம்மாவுக்குத் தெரியாமல் – நடந்தேன். நாலு அல்ல, பதினொன்று.

மார்ச் 20
பதினைந்து.

மார்ச் 21
ரத்தம்.

மார்ச் 22
தையலில் இரண்டு விட்டுப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நர்ஸ் கேட்டார், "யாரு இவ்வளவு நடக்கச் சொன்னா?"

"அம்மா."

தானாக வந்துவிட்டது. மூன்று வருடமாக நான் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

"என்ன ஆப்பரேஷன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஹெர்னியா."

நர்ஸ் பஞ்சைக் கீழே வைத்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்தவங்க சீட்டுக்கு மாத்திரை முழுங்கினா இப்படித்தான் ஆகும். ஒண்ணு, அவங்க சொல்றதக் கேக்காதீங்க. இல்ல, உண்மையச் சொல்லிட்டுக் கேளுங்க."

மார்ச் 24
அண்ணனுக்கு லீவு தீர்ந்தது. நாளை முதல் முழுநாள் வேலை. அம்மாவிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்றான்.

"அப்பாடா. இனி தெனம் தொல்ல பண்ண மாட்டேன்."

மார்ச் 25
ஆறரை. வரவில்லை.

மார்ச் 26
வரவில்லை. சரியாகிவிட்டவனுக்கு ஏன் வரும்?

மார்ச் 28
இன்று கேட்டேவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

"அண்ணா, ஹெர்னியா திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லேன்."

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "புரொஃபசரே, எனக்கு எத்தன தடவ வரும்? நீயே பேசு."

"எடுக்க மாட்டா."

"எடுக்காட்டி என்ன? இப்ப மட்டும் பேசிக்கிட்டா இருக்கா?"

"திட்டுவா."

"திட்டட்டும். போன எங்கிட்ட குடு, நான் வாங்கிக்கிறேன். எனக்குப் பழக்கம்."

அவனுக்குப் புரியல. திட்டு பிரச்சினை இல்ல. நான்னு தெரிஞ்சதும் அந்தக் குரல் மாறிடும்ல, அதான். இப்பவாவது எட்டு நிமிஷம் கேட்டேன்னு இருக்கு. அதுவும் போயிடும். ஆனா அது எனக்குச் சொன்னதும் இல்லையே. எனக்கு வேணும். எனக்குன்னு சொல்லி வேணும்.

மார்ச் 29
என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அடித்து அடித்து நாலு வரியாக்கினேன்.

மார்ச் 30
ஆறரைக்கு நான் கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

நாலு வரியையும் படித்தேன். ஆப்பரேஷன் அண்ணனுக்கு இல்லை, எனக்கு. என்ன ஆப்பரேஷன் என்பதையும் சொன்னேன். நீ சொன்னதையெல்லாம் செய்தது நான். நடந்ததில் தையல் விட்டுப்போயிற்று.

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எத்தன தையல்?"

"ரெண்டு."

"சீழ் இருக்கா?"

"இல்ல. கட்டு மாத்தினாங்க."

"அறிவிருக்கா உனக்கு? ஹெர்னியாவுக்குச் சொன்னத இதுக்குச் செய்வாங்களா? படிச்ச பிள்ளைதானே நீ."

குரல் மாறித்தான் இருந்தது. அது கோபமா வேறு ஏதாவதா – தெரியவில்லை. பிறகு, வார்டில் பேசுவதுபோல வேகமாக:

"வெந்நீர்ல உட்கார்றியா?"

"யாரும் சொல்லல."

"பிள்ள பெத்த பொண்ணுங்களுக்குத் தையல் ஆற அப்படித்தான் உட்கார வைப்போம். இளஞ்சூடா இருந்தா போதும். எதையும் கலக்காத. ஆனா உங்க நர்ஸக் கேட்டுட்டுச் செய், நான் சொன்னேன்னு செய்யாத. பேசின் இருக்கா?"

"சின்னது."

"அகலமா வாங்கு."

வைத்துவிட்டாள். நாளை கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. நாலு நிமிடம் பத்து நொடி.

அழவில்லை.

நர்ஸைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். உட்காரலாம், பத்து நிமிடம் என்றார். வரும்போது அகலமாக ஒரு பேசின் வாங்கி வரச் சொல்லி அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.