ஓரியனில் விழுந்த சிவப்பு வெளிச்சம்

என் செல்லத் தம்பி ஜெரால்டு,

நீ போய் இரண்டு மாதமாகிறது. உன் மடிக்கணினியை மூடிவைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நீ தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்தபோது உன் தொலைநோக்கியையும் கேமராவையும் கிள்ளானில் நம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அவை அறை மூலையில் சிவனே என்று கிடக்கின்றன. இந்த மடிக்கணினி மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு என்னை ஒரு வேலை பார்க்க விடுவதில்லை.

ஊர் வெளிச்சம் படாத இடம் தேடி ரவாங் தாண்டிப் போய் நீ கடைசியாக எடுத்த, ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தின் படங்கள் இதில்தான் இருக்கின்றன. ஒரே இடத்தை மறுபடி மறுபடி எடுத்த படங்கள். "எல்லாத்தையும் அடுக்கி முடிச்சதும் ஃபிரேம் போட்டுத் தரேம்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். அடுக்குவதற்கு முன்பே உன் இதயம் நின்றுவிட்டது. அம்மா இப்போது என்னிடம் படத்தைக் கேட்கிறார். நான் யாரிடம் போய்க் கேட்பது?

பங்சாரிலிருந்து உன் நண்பன் முரளியை வரவழைத்தேன். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் மணல் தூவியதுபோல் இருக்கிறது. கணினி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால்தான் நெபுலா தெளியுமாம். விமானம், சாட்டிலைட் என்று ஒரே ஒரு படத்தில் மட்டும் குறுக்கே வந்ததை அதுவே தூக்கி எறிந்துவிடுமாம்.

ஒரு படத்தில் பாதி சிவப்பாக இருந்தது.

"இது என்னா முரளி?"

"ஜெரால்டுதான்க்கா. லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கான்னு எட்டிப் பாத்திருக்கான். இருட்டுல கண்ணு கூசாம இருக்கத் தலையில சிவப்பு லைட் மாட்டியிருந்தத மறந்துட்டான். வேஸ்ட் லா இது. லிஸ்ட்ல இதுக்கு இருக்கிற டிக்க எடுத்துடுங்க, இல்லன்னா படம் கெட்டுடும்."

தலையை ஆட்டினேன். ஆனால் டிக்கை எடுக்கவில்லை. நீ எட்டிப் பார்த்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்படி மனம் வரும்?

முரளி போனதும் எல்லாப் படங்களையும் சேர்த்து ஓட விட்டேன். மதியம் முழுக்கக் கணினியின் விசிறி கத்திக்கொண்டே இருந்தது. எனக்குச் சமைக்கவும் ஓடவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூடத்துக்கும் மேசைக்குமாக நடந்தேன். கடைசியில் படம் வந்தது. ஐயோ, அப்படி ஓர் அழகு! ஆனால் நீ இல்லை, ஜெரால்டு. விமானத்தோடு விமானமாக உன்னையும் கழித்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் "சனியனே" என்று அதைத் திட்டிவிட்டேன்.

முரளிக்குப் போன் செய்து, கழிக்கிற வேலையை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன்.

"ஏன்க்கா, படம் நல்லாத்தானே வந்திருக்கும்?" என்றான். "தம்பி அதுல இருக்கணும்" என்றேன். அவன் எங்கே அமுக்க வேண்டும் என்று சொன்னான்.

மறுபடி ஓட விட்டு வந்த இரண்டாவது படத்தில் ஓர் ஓரமாகச் சிவப்பு படர்ந்திருந்தது, மங்கலாகத்தான். குறுக்கே விமானக் கோடு வேறு. நீ இருந்திருந்தால் இந்தப் படத்தை ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டாய். என்னையும் சேர்த்துத் திட்டியிருப்பாய். திட்டேன், யார் வேண்டாம் என்றது?

அம்மாவை உட்காரவைத்து இரண்டையும் காட்டினேன். சுத்தமான படத்தைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். அடுத்த படத்தின் சிவப்பில் விரலை வைத்தார்.

"இது என்னா?"

"தம்பிம்மா. லென்ஸ்ல பனி விழுந்திருக்கான்னு பாக்குறான்."

அம்மா விரலை எடுக்கவில்லை. "பனியா? தலைக்கு ஏதாச்சும் கட்டியிருந்தானா?"

"கட்டியிருந்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். கட்டியிருந்தாய்தானே?

சுத்தமான படம் உன் பெயரோடு உன் நண்பர்களுக்குப் போகும். அதில் உன் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். மற்றதை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டால் விளக்கு வெளிச்சம் என்று சொல்ல மாட்டேன். என் தம்பி என்றுதான் சொல்வேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த
ஸ்டெல்லா அக்கா