அரையைக் காலி செய்யும் நேரம்

திங்கட்கிழமை, பகல் மூன்று மணி

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐம்பது வயதானவளைப் பொடிசு என்று கூப்பிடக் கூடாது என்று போன மாதமும் சொன்னாய். யோசித்துப் பார்த்தேன். முடியாது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததைத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

வீட்டுக்கு வர்ணம் அடிக்கிற ஐந்து நாளும் கடலோர ஊரில் ஓட்டல் எடுத்துத் தங்குவதாகப் போனேன் அல்லவா? ஒரே இரவு தங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஓட்டலுக்குத்தான் உடம்பு சரியில்லை.

கடல் தெரியும் அறை என்று சொல்லித்தான் போனில் என் கார்டு எண்ணை வாங்கினார்கள். பொய் சொல்லக் கூடாது, தெரிந்தது. குளியலறையில் முக்காலி போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாகக் கழுத்தை இடப்பக்கம் திருப்பினால், கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. முக்காலியில் ஏறினாயா என்று கத்தாதே. ஏறினேன், இறங்கினேன், முடிந்தது. தலையணையில் யாரோ தலைக்குத் தடவிய எண்ணெய். மேஜை இழுப்பறையில் வேறு யாரோ சீவிய சீப்பு. குழாயைத் திறந்தால் முதலில் இருமியது, பிறகு தேநீர் நிறத்தில் கொஞ்சம் துப்பியது.

இவற்றையும் மன்னித்திருப்பேன். அறைக் கதவின் உட்புறம் ஓர் அறிவிப்பு அட்டை ஒட்டியிருந்தார்கள். "விருந்தினர் காலை ஆறு முதல் எட்டு வரை வெந்நீரில் குழிக்கலாம்." மண்வெட்டி அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று போடவில்லை. அதற்குக் கீழே, "அரையைக் காலி செய்யும் நேரம் பகல் பன்னிரண்டு மணி." மீதி அரையை எப்போது காலி செய்வதாம்? எங்கள் கான்வென்ட்டில் தமிழ் எடுத்த சிஸ்டர் பார்த்திருந்தால் அந்தக் கட்டடத்தையே முட்டி போட வைத்திருப்பார்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுவிட்டேன். படுத்த படுக்கையை அப்படியே போட்டுவிட்டு வருவது எனக்கு வராது. விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து நான்கு மூலையும் மடித்துச் செருகினேன். குப்பைக்கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். கவுண்டரில் ஆள் இல்லை. மணியை மூன்று முறை அடித்துக் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். பிறகு சாவியைப் பலகையில் பன்னிரண்டாம் எண் கொக்கியில் நானே மாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் வர்ணம் அடிப்பவர் ஏணியில் இருந்தபடியே, என்னம்மா, அஞ்சு நாள்னு சொன்னீங்க, ஒரே நாள்ல கடல் வத்திடுச்சா என்றார். பின்னறையில் அவர் இன்னும் கை வைக்கவில்லை. அங்கே என் தலையணையில் படுத்துக்கொள்கிறேன்.

ஓட்டல்காரர்கள் என் கார்டில் ஐந்து நாளுக்கும் பணம் எடுத்துவிட்டார்கள். பேங்கில் புகார் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் தங்கினேன், அதற்கு உரியதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், தங்காத நான்கு நாளுக்குத் திருப்பித் தரட்டும் என்று எழுதினேன். படிவத்தில் காரணம் எழுத இரண்டே வரி விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இணைத்தேன். அப்பா போன பிறகு என் பெயரில் நானே வாங்கிய கார்டு இது. இதை நானே பார்த்துக்கொள்கிறேன். நீ நடுவில் வராதே.

வேளைக்குச் சாப்பிடு. நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்.

அன்புடனும் ஆசியுடனும்,
அம்மா


இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை காலை

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஓட்டல்காரர்கள் பேங்குக்கு அனுப்பிய பதிலில் உள்ளதை மறுபடி ஒழுங்காக எழுதுகிறேன், போனில் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. நான் அங்கே வரவே இல்லையாம். பதிவேட்டில் என் கையெழுத்து இல்லை. நான் போய்ச் சேர்ந்த அன்று கவுண்டரில் இருந்தவர் காதில் போனை வைத்துக்கொண்டே சாவியை நீட்டி, அப்புறம் எழுதிக்கலாம்மா என்றார். அவர் இப்போது வேலையில் இல்லையாம். வாசலில் இருக்கும் கேமரா வெறும் பொம்மையாம். படுக்கை கலையவில்லை, குப்பைக்கூடை காலி, சாவி கொக்கியிலேயே தொங்கியது. ஆக, நான் ஒழுங்காக நடந்துகொண்டதெல்லாம் சேர்ந்து, நான் அங்கே இல்லை என்று சாட்சி சொல்கிறது.

வராதவர்களிடம் முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்வது அவர்கள் விதியாம். ஆனாலும் என் வயதை உத்தேசித்து, நான் வரவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாதியைத் திருப்பித் தருகிறார்களாம்.

போட்டுக் குடுத்துடும்மா, பாதி வந்தா போதும் என்றாய். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த ஓட்டல்தானாம்மா, நல்லா யோசிச்சுப் பாரு, வேற எங்கயாவது தங்கினியா என்று கேட்டாய். கடைசி இரண்டு வருஷம் அப்பாவிடம் நீ பேசிய அதே குரல். நான் வைக்கிறேன் என்றேன். நீயும் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். வைக்கவில்லை. அத்தைக்கும் ஆரம்பிச்சிடுச்சோ, டாக்டர்கிட்ட காட்டிடலாமா, தனியா விடக் கூடாது போலிருக்கே என்று மாப்பிள்ளை கேட்டது எனக்குக் கேட்டது. நீ பதில் சொல்லாததும் கேட்டது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதைப் பற்றி இனிப் போனில் பேச வேண்டாம்.

அம்மா


சனிக்கிழமை, சாயங்காலம்

என் பொடிசுக்கு,

அம்மாவின் ஆசிகள். மூன்று நாளாக நீ போன் செய்து நான் எடுக்கவில்லை. கோபத்தால் இல்லை. ஒரு வேலை பாக்கி இருந்தது, அதை முடித்துவிட்டுப் பேசலாம் என்றுதான்.

நேற்று அந்த ஓட்டலுக்குப் போய்வந்தேன். காலை முதல் பஸ்ஸில், தனியாக, ஜன்னலோர இருக்கையில்.

முதல் கடிதத்தில் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். வெட்கமாக இருந்தது. நீ ஐந்து வயதில் புதுச் சுவரில் கிறுக்கியதற்கு, ஈரத்துணியைக் கையில் கொடுத்துச் சாயங்காலம் வரை உன்னைத் துடைக்க வைத்தவள் நான். அடுத்தவர் பொருளில் எழுதக் கூடாது என்று அன்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட நான் அந்த ஓட்டல் அறிவிப்பு அட்டையில் பேனாவால் எழுதினேன். கண்ணெதிரே குழி தோண்டிக்கொண்டே இருந்தது, பொறுக்க முடியவில்லை. குழியை அடித்து மேலே குளி, அரையை அடித்து மேலே அறை. பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து, தேதி, மாலை ஆறு நாற்பது. திருத்துகிறவள் ஒளிந்துகொண்டு திருத்தக் கூடாது, பக்கத்திலேயே தன் பெயரைப் போட வேண்டும் என்பது எங்கள் சிஸ்டர் வைத்த சட்டம்.

பேங்கில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே புகார் பார்க்கிற பெண் உன்னைவிடச் சின்னவள். அவளிடம் போய், அம்மா, நான் கதவில் கிறுக்கினேன் என்று சொல்வதா? அதனால் நேராகவே போனேன்.

டை கட்டிய மானேஜர் ஒருவர் வந்தார். பன்னிரண்டாம் அறைக் கதவின் உட்புறத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். எதுக்கும்மா என்றார். பார்த்தால் தெரியும் என்றேன். பெருக்கித் துடைக்கும் அம்மாளைச் சாவியோடு கூப்பிட்டார். மூன்று பேரும் மாடிப்படி ஏறினோம்.

அந்தப் பதினெட்டுப் படிகளைப் பற்றி உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பாதி ஏறியதும் கால் நின்றுவிட்டது. மேலே அட்டையில் ஒன்றும் இல்லாவிட்டால்? அப்பா கடைசி வருஷம் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் வண்டி வந்துவிடும் என்று வாசலில் நிற்பாரே. அவர் சந்தேகப்பட்டா நின்றார்? இப்போது நான் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறேனோ அவ்வளவு நிச்சயமாகத்தான் அவரும் நின்றார். மூச்சு வாங்குதாம்மா என்று மானேஜர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினார்கள். இருந்தது, பொடிசு. குளி, அறை, என் எழுத்து, என் தேதி. என் கையெழுத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. நான் அன்று ஒழுங்காக விரித்துவைத்த அதே படுக்கையில் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துடைக்கும் அம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். இதை நான் அப்பவே பாத்தேனே, சார்தான் திருத்தியிருக்காருன்னு நெனச்சேன், அப்புறம்தான் சாருக்கு அவ்வளவு வராதேன்னு தோணிச்சு என்றாள். மானேஜர் அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு அட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, குளிக்கு இந்த ளவாம்மா என்று என்னைக் கேட்டார். இந்த ளதான் என்றேன். எல்லா ரூம்லயும் இதே அட்டைதாம்மா என்று தலையைச் சொறிந்தார்.

கீழே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். நான்கு நாளுக்கு உரியதை என் கண் முன்னாலேயே கார்டுக்குத் திருப்பினார். பேங்குக்கு அனுப்ப, நான் அங்கே தங்கினேன் என்று தலைப்புத் தாளில் எழுதியும் தந்தார். அதில் இரண்டு பிழை. சும்மா விட்டேன். மீதி ஒரு நாளையும் திருப்பித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். நான் தங்கிய நாள் அது. அதற்கு ரசீது கேட்டு வாங்கிப் பீரோவில் அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புறப்படும் முன் மானேஜர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அட்டைக்குப் புதிய நகல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பதினாறு அறைக்கும் அச்சடிக்கிறாராம்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தெருக்கோடி வரை நடந்தேன். முக்காலி இல்லாமல், கழுத்தைத் திருப்பாமல், முழுக் கடலையும் பார்த்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். இந்த அரைக்கு இடையின ரதான், மாப்பிள்ளையிடம் சொல்.

வீட்டில் வர்ணம் முடிந்துவிட்டது. உன் அறைக்கு நீ கேட்ட வெளிர்மஞ்சள்தான். ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுப்போயிருந்தது, சொல்லி அடிக்க வைத்தேன்.

இன்னொன்று. மாப்பிள்ளை சொன்ன மாதிரியான டாக்டரிடம் நானே பேசி நேரம் வாங்கியிருக்கிறேன், நீ லீவுக்கு இங்கே வரும் வாரத்தில். ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நீ பக்கத்தில் இருக்கும்போது போகலாம் என்று பட்டது.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். என்னிடம் பிழை எதுவும் கண்ணில் பட்டால், போனை வைத்த பிறகு பேசாதே. என் முன்னால் உட்கார்ந்து அடித்துத் திருத்து. பக்கத்தில் உன் பெயரையும் தேதியையும் போட்டுவிடு. நான் ஏற்றுக்கொள்வேன்.

உன் அம்மா
மாலை ஐந்து பத்து