முதல் முக்குளிப்பு

ஜவ்வாது மலை, 1983

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலம். நீ பிரசவத்துக்குப் போளூர் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

லீவில் ஊருக்கு வருமுன் கடற்படையில் என்னை முதல்முறை முக்குளிக்க இறக்கினார்கள். முதுகில் காற்று உருளை, வாயில் ரப்பர் குழாய். ஆழம் போகப்போகக் காதுக்குள் ஊசி இறங்கியது. மூக்கைப் பிடித்து ஊதியதும் வலி விட்டது. ஆனால் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே கிளம்பிவிட்டேன். பயிற்சியாளர் காலைப் பிடித்திழுத்து, வயிற்றில் குத்தி மூச்சை விடவைத்தார். அடக்கியபடியே ஏறியிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்குமாம்.

"இன்னாடா, களி எறங்கலயா?" என்கிறாள் அம்மா. லீவு முடிந்ததை அவளிடம் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன்.

இதை இன்றைய பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்; நாளை நானே போளூர் வருகிறேன். "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதே. ரயிலடிவரை என்னோடு நட.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்